மூன்று குளமும் ஒரு காய்ச்சலும்

சிறுபோகம் தொடங்கமுன் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நடக்கும். கமக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர் எல்லோரும் வந்திருப்பார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? எங்கள் இரணைமடுக் குளம் நிறைந்தால் 36 அடி. இன்று நிற்பது எவ்வளவு, வெயிலில் ஆவியாகிப் போவது எவ்வளவு, ஒரு ஏக்கர் நெல்லுக்கு அறுவடை வரை வேண்டியது எவ்வளவு என்று பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அதை யாரும் சாத்திரம் என்று சொல்வதில்லை. இருப்பது, வருவது, போவது மூன்றையும் வைத்து அடுத்த மாதம் என்ன மிஞ்சும் என்று பார்க்கிற கணக்கு அது.

தொற்றுநோய் எப்போது கூடும், எவ்வளவு கூடும் என்று முன்கூட்டிப் பார்க்கிற கணித மாதிரியும் அதே சாதிக் கணக்குத்தான். நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கொரோனா காலத்தில் மலைபோல ஏறி இறங்கும் வளைகோடுகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "சேர், உது ஏன் தானாக் கீழ இறங்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் தேடப் போய்த்தான் இதைப் படித்தேன். இங்கே எழுதுவது பிறகு அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன விளக்கம், கொஞ்சம் விரித்து.

ஒரு ஊர்ச் சனத்தை மூன்று குளங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குளத்தில், இன்னும் அந்த நோய் வராத, வரக்கூடிய ஆட்கள். இரண்டாவது குளத்தில் இப்போது நோயோடு இருக்கிற, மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடிய ஆட்கள். மூன்றாவதில் நோய் வந்து மாறினவர்கள்; உயிர் போனவர்களையும் கணக்குக்காக அங்கேதான் சேர்ப்பார்கள். தண்ணீர் முதல் குளத்திலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் போகும். வன்னியில் ஒரு குளத்தின் தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வித்தியாசம் ஒன்று உண்டு. முதல் குளத்தின் துருசை, அதாவது தண்ணீர் விடுகிற கதவை, யார் திறப்பது? இரண்டாவது குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் திறக்கிறது. நோயாளர் கூடக் கூடத் துருசு அகலமாகத் திறபடும். அதே நேரம் முதல் குளம் வற்ற வற்ற, எவ்வளவு திறந்தாலும் வருவதற்குத் தண்ணீர் இருக்காது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 600 பேர் இருக்கிற ஊர். ஒரு காய்ச்சல் வருகிறது. நோயாளி ஒருவர் ஒரு கிழமைக்குள் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு மாறிவிடுவார் என்று வைப்போம். அந்த ‘2’ என்பது சுற்றி இருக்கிற எல்லோரும் நோய் வராதவர்களாக இருந்தால்தான். பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்து மாறியிருந்தால், அவர் சந்திக்கிற இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் தொற்றும். ஆக, கணக்கு இப்படி:

இந்தக் கிழமை புதிதாக நோய் வருவோர் = 2 × போன கிழமை நோயாளர் × (இன்னும் நோய் வராதோர் ÷ 600)

தொடக்கத்தில் 6 நோயாளர். வராதோர் 594. முதல் கிழமை: 2 × 6 × 594 ÷ 600. ஏறக்குறைய 12. இப்போது வராதோர் 582. இரண்டாம் கிழமை 23. பிறகு 43, 74, 109. ஆறாம் கிழமை 121. அதுதான் உச்சி. ஏழாம் கிழமை 86 ஆக இறங்கும். பிறகு 36, 11, 3, 1.

வகுப்பில் இதைப் புளியங்கொட்டை வைத்துச் செய்தோம். மூன்று வட்டம் கீறி, கிழமைக்குக் கிழமை கொட்டைகளை எண்ணி நகர்த்தினார்கள். முதல் மூன்று கிழமையும் பிள்ளைகளுக்குச் சலிப்பு. ‘இதென்ன சேர், கொஞ்சம் கொஞ்சமாய்த்தானே போகுது’ என்றார்கள். ஐந்தாம் கிழமை வந்தபோது கை போதவில்லை. இரண்டு பேர் எண்ண, ஒருவர் எழுத, நடு வட்டத்தில் கொட்டை குவிந்தது. ஏழாம் கிழமையில் குறைந்தபோது ஒரு பெடியன் முதல் வட்டத்தைக் காட்டிச் சொன்னான்: "சேர், இஞ்ச ஆக்கள் முடியுது." அதுதான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை. முதல் குளம் பாதிக்குக் கீழே, அதாவது 300க்குக் கீழே போனதும் ஒரு நோயாளியால் சராசரியாக ஒருவருக்கும் குறைவானவருக்குத்தான் கொடுக்க முடியும். அதோடு வளைகோடு இறங்கத் தொடங்கும். கடைசியில் 75 கொட்டை முதல் வட்டத்திலேயே மிஞ்சியது. நோய் முடியும்போது எல்லோருக்கும் வந்திருக்க வேண்டியதில்லை என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கும்தான்.

சரி, இப்போது அந்த 2 ஐக் கொஞ்சம் குறைப்போம். காய்ச்சல்காரர் வீட்டில் நிற்கிறார், பள்ளிக்கூடத்தில் கை கழுவுகிறார்கள், ஆகவே ஒருவர் சராசரியாக ஒன்றரைப் பேருக்குத்தான் கொடுக்கிறார். 2 இருந்த இடத்தில் 1.5 போட்டுத் திரும்பச் செய்தால் உச்சியில் ஒரு கிழமைக்கு 47 பேர்தான். அதுவும் ஏழாம் எட்டாம் கிழமையில். தப்புகிறவர்கள் 75 அல்ல, 220க்கு மேலே.

இது ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நோயாளர் பத்துப் பேரில் ஒருவரை வாட்டில் வைக்க வேண்டி வரும் என்று வைப்போம். உச்சியில் 121 பேர் என்றால் அந்த ஊருக்கு மட்டும் 12 கட்டில் வேண்டும். 47 என்றால் 5 போதும். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இந்த ஏழு கட்டில் பெரிய விஷயம். ஏழு கட்டில் என்றால் அதற்குரிய தாதியர், சேலைன், இரத்தப் பரிசோதனை, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடுகிற அம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான். திட்டமிடுகிறவர்கள் மாதிரியிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்: உச்சி எப்போது, உச்சியில் எத்தனை பேர்.

அந்த 2 க்கு ஒரு பெயர் உண்டு. ‘ஆர் நொட்’ என்பார்கள். தமிழில் அடிப்படைப் பரவல் எண் எனலாம். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பது. சின்னமுத்துக்கு இது 12 முதல் 18 வரை என்று வழக்கமாகச் சொல்வார்கள். 18 பேருக்குக் கொடுக்கக்கூடிய நோயை ஒருவருக்கும் கீழே இறக்க வேண்டுமென்றால் 18 பேரில் 17 பேருக்காவது எதிர்ப்பு இருக்க வேண்டும். 17 ஐ 18 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 94 வீதம். தடுப்பூசி 95 வீதம் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்று கிளினிக்கில் ஏன் அத்தனை கண்டிப்பாக நிற்கிறார்கள் என்பதற்கு இந்தப் பிரித்தல்தான் காரணம். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பின்னால் வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களின் நடை இருக்கிறது.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் நுளம்பு பிடித்த வைத்தியர். ரொனால்ட் ரோஸ். 1897 இல் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். 1902 இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியா நுளம்பால் வருகிறது என்று தெரிந்ததும் பலர் கையை விரித்தார்கள். நாட்டில் உள்ள நுளம்பு முழுவதையும் யாரால் கொல்ல முடியும்? ரோஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். முழுவதையும் கொல்லத் தேவையில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானாக மறையும் என்று அவருடைய கணக்குக் காட்டியது. மூன்று குளக் கணக்கை முறையாக எழுதினவர்கள் கேர்மாக், மக்கென்ட்ரிக் என்ற இருவர், 1927 இல். மக்கென்ட்ரிக் இந்தியாவில் வேலை செய்த இராணுவ வைத்தியர். கேர்மாக் ஆய்வுகூட விபத்தொன்றில் 1924 இல் இரண்டு கண்ணையும் இழந்தவர். சமன்பாடுகளைப் பார்க்காமலே மனதில் வைத்து வேலை செய்தார். பம்பாயில் 1905, 1906 இல் வந்த பிளேக்கில் கிழமைக்குக் கிழமை இறந்தவர்களின் தொகையைத்தான் அவர்கள் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். டெங்குவுக்கு மூன்று குளம் போதாது. ஆளிலிருந்து ஆளுக்கு நேரே போகாது. நடுவில் நுளம்பு வேண்டும். ஆகவே நுளம்புக்கும் தனியாக இரண்டு மூன்று குளம் வெட்ட வேண்டும்: வைரசு இல்லாத நுளம்பு, வைரசு ஏறியும் இன்னும் கடித்துக் கொடுக்க முடியாத நுளம்பு, கொடுக்கக்கூடிய நுளம்பு. கேட்கச் சிக்கலாக இருக்கும். ஆனால் இந்தக் குளங்களுக்கு இடையில் தண்ணீர் போக எடுக்கிற நாட்களைக் கூட்டினாலே பாதி விஷயம் பிடிபடும்.

போன மாரியில் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் வளவுக்கு வந்தார். கிணற்றடியில் உடைந்த வாளி ஒன்று கிடந்தது. அதற்குள் ஃபோன் வெளிச்சத்தை அடித்தார். அம்மா பக்கத்தில் நின்று, "தம்பி, அது நேற்றுப் பெய்த மழைத் தண்ணி" என்றா. அவர் குனிந்தபடியே சொன்னார்: "இல்லை அம்மா. இந்தா பாருங்கோ, நெளியிறதுகள். முட்டை போட்டு இந்தளவுக்கு வளர நாலைஞ்சு நாள் செல்லும். இதில ரெண்டு கூட்டுப்புழுவாயும் மாறிட்டுது." அம்மா குனிந்து பார்த்தா. கமா போல வளைந்த இரண்டு, வெளிச்சம் பட்டதும் துள்ளிக் கீழே போயின. புழுவின் அளவைப் பார்த்து மழை பெய்த நாளைச் சொன்னாரே, அதுவும் ஒரு மாதிரிதான். காகிதத்தில் எழுதாத மாதிரி.

முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வர எட்டு, பத்து நாள். அது கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ காய்ச்சலோடு வந்த ஒருவரைக் கடிக்க வேண்டும். கடித்த உடனே அதனால் கொடுக்க முடியாது. வைரசு நுளம்பின் உடம்பில் பெருகி உமிழ்நீருக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள். பிறகு கடிபட்டவருக்குக் காய்ச்சல் வெளிப்பட நாலு முதல் பத்து நாள். ஆக முதல் சுற்றுக்கே ஏறக்குறைய நாலு கிழமை. அந்த ஆளிலிருந்து அடுத்த சுற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமை. ஐப்பசி நடுவில் மழை பிடித்தால் மார்கழியில் வாட் நிறைவது இதனால்தான். மழை கொட்டுகிற நாளில் எல்லாம் அமைதியாக இருக்கும். வெயில் எறித்து, எல்லோரும் மாரி முடிந்தது என்று நினைக்கிற நேரம் காய்ச்சல் வரும். இந்த இடைவெளியைத்தான் மாதிரி எங்களுக்குத் தருகிறது. மழைமானியைப் பார்த்து, ஆறேழு கிழமைக்குப் பிறகு எந்தப் பக்கம் கட்டில் தேவைப்படும் என்று சொல்லலாம். அதற்குள் சிரட்டை, ரயர், பீலி, கட்டி முடிக்காத வீட்டு மலகூடக் குழி எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம். 2017 இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அப்படியான வருடத்தில் ஒரு கிழமை முன்னதாகத் தெரிவதே பெரிய காரியம்.

மழை கூடினால் நோய் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் கூடாது. 1934, 1935 இல் இலங்கையில் மலேரியாவால் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். அது மழை பொய்த்த வருடம். இங்கே மலேரியாவைப் பரப்பின முக்கிய நுளம்பு ஆற்றுப் படுகையில் தேங்கி நிற்கிற தெளிந்த குட்டைகளில் பெருகும் சாதி. ஆறு ஓடினால் முட்டையையும் புழுவையும் அடித்துக்கொண்டு போகும். வற்றினால் ஆற்றின் நீளத்துக்கும் குட்டைகள். அந்த ஊரை, அந்த நுளம்பை அறியாமல் வேறு நாட்டு மாதிரியைக் கொண்டுவந்து இங்கே பொருத்தினால் அது தலைகீழாகச் சொல்லும்.

மலேரியாவின் மிச்சக் கதையும் சொல்ல வேண்டும். 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்தது என்று மருந்தடிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969 இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 17 பேர் என்பது இரண்டாவது குளத்தில் நிற்கிற தண்ணீர் மட்டுமே. முதல் குளம் ததும்பி நின்றதையும் நுளம்பு திரும்பி வருவதையும் அந்த எண் காட்டாது. தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த எங்களுக்கு மலேரியா வராத வருடமே இல்லை. விரலில் குத்தி எடுத்த இரத்தம், கண்ணாடித் தட்டு, குளோரோகுயின் கசப்பு எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் கிணறுகளில் புதுச் சாதி மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகுகிற ‘ஸ்டீபன்சி’ அது. நோய் இல்லை, நுளம்பு இருக்கிறது. இன்றும் மலேரியாப் பிரிவுக்காரர் கிணறு எட்டிப் பார்த்துத் திரிவதற்குக் காரணம் அதுதான்.

எலிக்காய்ச்சலின் கணக்கு வேறு. ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவது மிக அரிது. எலியும் மாடும் கழிக்கிற சிறுநீர் வெள்ளத்திலும் வயல் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகிறது. அதனால் எத்தனை நோயாளர் என்பதை விட, எப்போது வெள்ளம் வந்தது, எத்தனை பேர் சேற்றில் இறங்கினார்கள் என்பதே முக்கியம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறபட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 மார்கழியில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இனம் தெரியாத காய்ச்சல் என்று பயந்தது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர வழக்கமாக ஒன்று இரண்டு கிழமை செல்லும். தடுப்பு மாத்திரை வயலில் இறங்கமுன் கமக்காரர் கைக்கு வர வேண்டும் என்றால், வாங்கி வைப்பது பெரும்போகம் தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

ஆளிலிருந்து ஆளுக்கோ நுளம்பு வழியாகவோ பரவுகிற நோயின் மாதிரி எதுவும் முதலில் இரண்டு எண்ணில் தொங்கி நிற்கிறது: ஊரில் எத்தனை பேர், அதில் இப்போது நோயாளர் எத்தனை பேர். எங்களிடம் முதல் எண்ணே நிலையாக நின்றதில்லை. யுத்தம் முடிந்த 2009 இல் மூன்று லட்சத்துக்குக் கிட்டின சனம் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் அடைபட்டிருந்தது. கொப்புளிப்பானும் மஞ்சட்காமாலையும் அங்கே பரவின. ஒரு கூடாரத்தில் பல குடும்பம் படுத்தால் ‘ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுப்பார்’ என்ற எண் வீட்டு வளவில் இருந்தபோது இருந்தது போல இருக்காது. ஒரே கிருமி, ஒரே சனம்; இருக்க விட்ட இடம் மாறினதால் எண் மாறியது. இதைக் கணிதப் பாடமாக மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது எண் வருவது ஒரு படிவத்தில். ‘544’ என்பார்கள். அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்த உடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், வைத்தியர் அதை நிரப்பி அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பிஎச்ஐ வீடு தேடி வருவார். கிழமைக் கணக்கு கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். மாவட்டம் மாவட்டமாக ஒவ்வொரு கிழமையும் அவர்கள் வெளியிடுவார்கள். ஆனால் கடையில் இரண்டு பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர் இந்தக் கணக்கில் இல்லை. துணுக்காயில் உள்ளுக்குள் இருந்து பஸ் கிடைக்காமல் நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வருபவர், நாலு நாள் பிந்தித்தான் கணக்கில் வருகிறார். எனக்கு டெங்கு வந்தபோது நான் முதலில் போன இடத்தில் படிவம் நிரப்பவே இல்லை. ஆறாம் நாள் வேறு இடத்தில் அனுமதித்த பிறகுதான் பிஎச்ஐ வீட்டுக்கு வந்தார். அதற்குள் பக்கத்து வளவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

‘சொன்னது நடக்கவில்லை, மாதிரி பிழை’ என்று சொல்கிறவர்களும் உண்டு. 2014 செப்டெம்பரில் எபோலாவைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்குச் சொன்னது: மேலதிகமாக ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த தை மாதத்தில் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் நோயாளர் தொகை 14 லட்சம் வரை போகலாம். மேற்கு ஆபிரிக்கா முழுவதும் கடைசியில் பதிவானது ஏறக்குறைய 28,600. அந்த வாக்கியத்தில் ‘செய்யாவிட்டால்’ என்ற சொல்லைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ஆட்களும் பணமும் கட்டில்களும் போய்ச் சேர்ந்தன. மக்களும் தங்கள் அடக்கச் சடங்குகளையே மாற்றிக்கொண்டார்கள். முன்னறிவிப்பு ஒன்றைப் பார்த்தால் நான் இப்போது மூன்று விஷயம் தேடுவேன். என்ன செய்தால், என்ன செய்யாவிட்டால் என்று சொல்லியிருக்கிறதா? ஒற்றை எண்ணாகச் சொல்கிறதா, இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்று சொல்கிறதா? எத்தனை கிழமைக்கு முன்னால் சொல்கிறது? இரண்டு கிழமை முன்னால் சொல்வதை நம்பலாம் என்ற அளவுக்கு ஆறு மாதம் முன்னால் சொல்வதை நம்ப முடியாது, மழையைப் போலத்தான்.

புளியங்கொட்டைக் கணக்கில் நாங்கள் கடைசியாகச் செய்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். படிவம் பிந்தினால் என்ன நடக்கும் என்று பார்த்தோம். அதே 600 பேர், அதே 6 நோயாளர். முதல் நாளிலிருந்தே 2 ஐ 1.5 ஆகக் குறைத்தால் உச்சி 47. இரண்டு கிழமை ஒன்றும் தெரியாமல் இருந்து, மூன்றாம் கிழமையிலிருந்து குறைத்தால் 55. நாலு கிழமை பிந்தி, ஐந்தாம் கிழமையிலிருந்து குறைத்தால் 82. ஒன்றும் செய்யாவிட்டால் 121. பேனையும் கொப்பியும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 600 க்குப் பதிலாக உங்கள் கிராம சேவகர் பிரிவின் தொகையை எழுதுங்கள்.